இரட்டைக் காபுரேற்றர்

வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலராசிரியர் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவது என்று வினவினோம். "உமக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவதொன்று" என்றார். சைவத்தைப் பற்றியும் செந்தமிழைப் பற்றியும் எழுத வல்லவர் எம் பழைய மாணவருட் பலர் உளர். அவர்கள் வரிசையில் முண்டியடித்துப் புகும் துணிவு எமக்கில்லை. நாற்பது ஆண்டுகளாக எம் கையில் ஒட்டிய கிறீஸ் எண்ணெயோடு எமக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கல்கிசையில், கடற்காற்று ஓயாது வீசும் ஓர் ஒழுங்கையில், எம் வீட்டு முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் கார். அதன் எஞ்சினுக்கு இரட்டைக் காபுரேற்றர் பூட்டிய கதையையே இங்கு சொல்லப் புகுகின்றோம். எம்முடன் பௌதிக வகுப்பிற் பின்வரிசையில் இருந்த நண்பர்கள், இவன் இன்னும் திருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டாயினும் வாசிப்பார்கள் என்று நம்புகின்றோம்.

அரசாங்க இலிகிதராயிருந்த எம் தந்தையார் இக்காரை 1962ஆம் ஆண்டில் இரண்டாங் கையாக வாங்கினார். 1959இல் ஆக்கப்பட்ட 'மைனர் ஆயிரம்' அது. சேர் அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்து, 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட மைனர், பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணை முதலில் எட்டியது. இலங்கையின் வீதிகளில் அது ஓடாத வீதி இல்லை. எம் தந்தையார் வாங்கிய சில காலத்துக்குள் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1977இல் கதவு மீண்டுந் திறக்கும்வரை, இருந்த காரைப் பேணுவதே இந்நாட்டார் கற்ற வித்தை. இங்கிலாந்திற் கழித்தெறியும் பாகங்களை நம்மவர் ஒட்டியும் கடைந்தும் மீண்டும் ஓடச்செய்தனர். பஞ்சிகாவத்தையில் இன்றும் அவ்வித்தையின் வாரிசுகளைக் காணலாம்.

தந்தையாரிடம் ஒரு கொப்பி இருந்தது. பெற்றோல் அடித்த ஒவ்வொரு முறையும் நாள், மைல், கலன், ஒரு கலனுக்கு எத்தனை மைல் என்ற நான்கும் அதில் நீல மையால் எழுதப்படும். பெற்றோல் இலீற்றரில் விற்கத் தொடங்கிய பின்பும் அவர் கலனுக்கே மாற்றி எழுதினார். முப்பத்தெட்டு என்ற எண் அக்கொப்பியில் நூற்றுக்கணக்கான முறை வருகின்றது. முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கிய நாட்களில் பக்கத்திற் சிவப்புக் கோடு. அடுத்த ஞாயிறன்று பிளக்குகள் நான்கும் கழற்றப்பட்டு முற்றத்துச் சாக்கின்மேல் வரிசையாகக் கிடக்கும். எம்முடைய முதல் விஞ்ஞான வகுப்பு அச்சாக்கின்மேலேதான் நடந்தது.

அக்கொப்பியில் 1983 ஆடி மாதம் முதல் 1985 கார்த்திகை வரை ஒரு வரியும் இல்லை. காரணம் இம்மலரின் வாசகருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. வீட்டை விட்டு இரத்மலானை விமான நிலையத்து முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கிய குடும்பங்களுள் எம்முடையதும் ஒன்று. கார் எரிந்திருக்கும் என்றே எல்லோரும் எண்ணினோம். எரியவில்லை. எதிர் வீட்டுச் சிங்களப் பெரியவர் முதல்நாள் இரவே அதைத் தம் தென்னந்தும்புக் கொட்டிலுக்குள் தள்ளிச் சென்று, மேலே கயிற்றுச் சுருள்களை அடுக்கி மறைத்துவிட்டார். கேட்டவர்களுக்குத் தாம் விலைக்கு வாங்கிய கார் என்று சொன்னாராம். அப்படிச் சொல்வது அந்நாளில் இலேசான காரியமன்று. பற்றரி இறந்துபோகாமல் ஞாயிறுதோறும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார், பெற்றோலும் அவருடையதே. நாங்கள் திரும்பி வந்தபோது தந்தையார் கணக்குப் பார்த்துப் பணம் நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்திலிருந்து எது வந்தாலும் வராவிட்டாலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடை ஒன்று அவர் வீட்டு வாயிலுக்குப் போகும்.

அவரை நாம் 'மாமா' என்று அழைப்போம். சிங்களத்திலும் தமிழிலும் அச்சொல் ஒன்றே என்பது பெரிய வசதி. அவர் எம்மைப் 'புத்தே' என்பார்.

தந்தையார் 2001இல் காலமானார். கார் எம் பொறுப்பாயிற்று. 2017ஆம் ஆண்டு, எம் தாயார், துணைவியார், விடுமுறைக்கு வந்த மகன், மருமகள் ஆகியோருடன் கண்டிக்குப் போனோம். மாவனெல்லையைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் மூன்றாங் கியர் தாங்கவில்லை. இரண்டாவதில், இருபது மைல் வேகத்தில், பின்னால் தனியார் பஸ் ஒன்று கொம்பூதிக்கொண்டே வர, டோசன் வெட்டிய பாறைக் குகைவரை ஊர்ந்தோம். அந்த பஸ்சின் மூக்கு எம் பின்கண்ணாடி முழுவதும் நிறைந்திருந்தது. காரில் எம் தாயார் இருந்தார். மெதுவாகப் போகும் கார் அழகானதுதான். ஆனால் இன்றைய வீதியில் ஏற்றத்தில் இழுக்கமாட்டாத கார் ஆபத்தானது. அன்று மாலை கண்டியில் மகன் அதை வெளிப்படையாகவே சொன்னான்.

அவன் சொன்ன வழி நிசான் எஞ்சின். இலங்கையில் எத்தனையோ மைனர்கள் அவ்வழியிற் போயின. யப்பான் எஞ்சின் பழுதின்றி ஓடும். உதிரிப் பாகமும் தாராளம். மறுக்க எம்மிடம் நியாயம் இருக்கவில்லை. மனம் மட்டும் மறுத்தது. அடுத்து, இத்தாலிய வெபர் காபுரேற்றர் பூட்டலாம் என்றான். 1923இல் பொலோஞா நகரில் எடோவார்டோ வெபர் தொடங்கிய தொழிலகத்தின் பெயர் அது. இரண்டு தொண்டைகளோடு பக்கவாட்டிற் படுத்திருக்கும் அக்கருவியின் உறுமலைக் கேட்டு மயங்காத இளைஞர் இல்லை. தாயாரோ, "அப்பா விட்டுப் போனபடியே இருக்கட்டும், தம்பி" என்றார். இலண்டனில் இருக்கும் எம் தமையனார்தாம் தொலைபேசியில் நடுவழி ஒன்றைக் காட்டினார். "அதே எஞ்சினைத்தானே அவர்கள் ஸ்பிறைற் காருக்கும் வைத்தார்கள்! அதே குடும்பத்துப் பிள்ளை. அதன் மூச்சுக்குழாயை வாங்கிப் பூட்டு."

இங்கே மாணவர் பொருட்டுச் சிறிது விளக்கம் வேண்டும். தெரிந்தவர் தாண்டிச் செல்க. காபுரேற்றர் என்பது காற்றிலே பெற்றோலைப் பனியாகத் தூவிக் கொடுக்கும் கருவி. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே பாய்கின்றது. ஒடுங்கிய வாயிற் பாயும் காற்றின் வேகம் கூட, அங்கே அமுக்கம் குறைகின்றது. குறைந்த அமுக்கம் பெற்றோலை உறிஞ்சி மேலே இழுக்கின்றது. எம் பௌதிக ஆசிரியர் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாயையும் மை கலந்த நீரையும் வைத்து இதைக் காட்டி, முன்வரிசையார் சட்டையெல்லாம் நீலமாக்கியது பலருக்கு நினைவிருக்கும்.

சாதாரணக் காபுரேற்றரில் அவ்வாய் ஒரே அளவினது. எம் மைனரில் உள்ள எஸ்.யு. காபுரேற்றரிலோ அது தானே விரிந்து சுருங்கும். உள்ளே ஒரு பிஸ்டன் உறிஞ்சலுக்கேற்ப மேலெழும். அதன் அடியில் தொங்கும் கூம்பிய ஊசி, பெற்றோல் துளையிலிருந்து எவ்வளவு வெளியேறுகின்றதோ அவ்வளவு பெற்றோல் வரும். எஞ்சின் கேட்பதைக் கேட்ட அளவிற் கொடுக்கும் முறை. இதைக் கண்டவர்கள் ஸ்கின்னர் சகோதரர். அவர்கள் சப்பாத்துக் கடைக் குடும்பத்தார். ஆகையால் முதற் காபுரேற்றரில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோற் துருத்தி இருந்ததில் வியப்பில்லை. எஸ்.யு. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். 1926இல் வில்லியம் மொறிஸ் அக்கம்பனியைத் தம்முடையதாக்கிக்கொண்டார். அதன்பின் மொறிஸ் கார்களில் அதுவே வீட்டு மருமகள்.

இனி எம் எஞ்சின். 948 கன சென்ரிமீற்றர், 37 குதிரை வலு. நான்கு உருளைகளுக்குக் காற்றுப்புகு வாயில்கள் நான்கு இருக்கவேண்டுமல்லவா? இல்லை. இரண்டே உள்ளன. முதலிரண்டு உருளைகள் ஒரு வாயிலையும் கடையிரண்டு ஒரு வாயிலையும் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒட்டிப் பிறந்த இரட்டையரைப்போல. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அதன் பயனாக வாயிலுக்கொன்றாக இரண்டு காபுரேற்றர்களைப் பூட்டுவது அழகாகப் பொருந்திவிடுகின்றது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் காரில் இதையே செய்தனர். ஒன்றேகால் அங்குல வாயுள்ள ஒற்றைக் காபுரேற்றருக்குப் பதிலாக, ஒன்றேயரைக்கால் அங்குல வாயுள்ளவை இரண்டு. வாயின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நூற்றுக்கு அறுபதுக்கு மேற் கூடியிருக்கும். வலுவோ 37இலிருந்து 43 ஆயிற்று. அதிலும் ஒரு பங்கு வால்வுகளிலும் மற்றத் திருத்தங்களிலும் இருந்து வந்தது. அகன்ற வாயால் மட்டும் எவனும் ஓட்டக்காரன் ஆகிவிடுவதில்லை. இதே எஞ்சின் குடும்பம் மினி கூப்பர் காரில் 1961இல் இரட்டை எஸ்.யு.வுடன் புகுந்து, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டத்தை வென்றது. நம் நாட்டிலும் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் மினி முழங்கிய காலத்தைக் கண்டவர்கள் நம்மிடையே உளர்.

வெபரை வேண்டாம் என்றதற்குக் காரணம் பழமைப்பற்று மட்டுமன்று. பெரிய தொண்டை வேண்டுவது உச்சச் சுழற்சியில் ஓடும் பந்தய எஞ்சினுக்கு. அதற்கேற்ற கேம் தண்டும், திருத்திய தலையும் இல்லாமல் வெபரை மட்டும் பூட்டினால், வெள்ளவத்தைச் சந்தியில் நின்று நின்று போகும்போது எஞ்சின் திணறும். பெற்றோல் தொட்டியோ வற்றும்.

தமையனார் பழைய உதிரிப் பாகச் சந்தையொன்றில் ஸ்பிறைற் சோடியை மனிபோல்ட்டுடன் வாங்கி, ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் பெட்டியில் அனுப்பினார். அவ்வுறவினர் விமான நிலையத்தில் அதை விளக்கப் பட்ட பாடு வேறு கதை.

பூட்டுமுன் மாமாவிடம் சொல்லவேண்டும் என்று எமக்குத் தோன்றிற்று. காகிதத்தில் கார் எம்முடையது. ஆனால் இரண்டரை ஆண்டு அவர் ஓடவைத்த எஞ்சின் அது. அதன் ஒலியை ஒழுங்கை முனையிலேயே அறிவார். எழுபத்தேழு வயதில் கண்பார்வை மங்கிய பின் அவ்வொலி கேட்டுத்தான் நாம் வீடு திரும்பியதை அறிகின்றார் என்று அவர் மகள் ஒருமுறை சொன்னாள். இரண்டு காபுரேற்றர் பூட்டினால் ஒலி மாறும். அதை அவரிடம் மறைக்காமற் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். பின், "எதை வேண்டுமானாலும் மாற்று, புத்தே. கழற்றியதை எறிந்துவிடாதே" என்றார்.

தாயார் விதித்த நிபந்தனையும் ஒன்று உண்டு: "அப்பாவின் கொப்பி நிற்கக்கூடாது."

2018 மாசி மாதம் வேலையைத் தொடங்கினோம். எமக்குத் துணைநின்ற மெக்கானிக் பாஸ், மைனரிலேயே தலைநரைத்தவர். அவர் முதலிற் சொன்னது காபுரேற்றரைப் பற்றியன்று. "ஓடவைக்கிறது பிறகு, மாத்தயா. நிற்கவைக்கிறதை முதலிற் பார்ப்போம்." மைனர் ஆயிரத்தின் முன்சில்லு பிரேக் டிரம் ஏழு அங்குலம். 1098 எஞ்சின் வந்த 1962இல் அதை எட்டு அங்குலமாக்கினார்கள். அந்த எட்டங்குல டிரம்முகளைப் பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடிக்க மூன்று கிழமை. பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் மைனரில் ஓட்டுநரின் காலடித் தளத்தின் கீழே ஒளிந்திருப்பது. கடற்காற்று அதை என்ன செய்திருந்தது என்பதை இங்கே எழுதவேண்டாம். பின்னர் நான்கு உருளைகளின் அமுக்கத்தை அளந்தோம். மூச்சிரைக்கும் நோயாளிக்குப் பெரிய மூக்கு வைத்துப் பயனில்லை அன்றோ? மூன்றாம் உருளையின் வால்வு கசிந்தது. தலையைக் கழற்றி, ஈயமில்லாப் பெற்றோலுக்கேற்ற கடின இருக்கைகள் பதித்து, வால்வுகளை அரைத்துப் பூட்டினோம்.

இவ்வெஞ்சினில் காற்றுப்புகு குழாயும் புகைபோக்கியும் ஒரே பக்கத்தில் உள்ளன. ஆகவே காபுரேற்றர்கள் கொதிக்கும் இரும்பின் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்தின் குளிரில் அது நன்மை. காலி வீதியில், தெஹிவளையில், நண்பகலில், வாகன நெரிசலில் நின்றால் பெற்றோல் கிண்ணத்திலேயே ஆவியாகிவிடும். நடுவே தகரத் தடுப்பொன்றும் தடித்த காப்புக் கட்டைகளும் வைத்தோம். புகைபோக்கியையும் சற்று அகன்றதாக மாற்றினோம். உள்ளே வந்தது வெளியேயும் போகவேண்டுமே.

இரண்டையும் ஒத்திசைக்கும் வேலை இருக்கிறதே, அதுதான் இக்கலையின் இனிய பகுதி. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் உண்டு. பாஸிடம் இருந்தது இரண்டடி இறப்பர்க் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை முதற் காபுரேற்றரின் வாயிற் பிடித்தால் சீறல் கேட்கும். பின் இரண்டாவதன் வாயில். இரண்டு சீறலும் ஒரே சுருதியில் வரும்வரை திருகாணியைத் திருப்பவேண்டும். நாதஸ்வரக்காரர் ஒத்துக்காரரோடு சேருவதுபோல. அதன்பின் பெற்றோல் அளவு. பிஸ்டனை மயிரிழை உயர்த்திப் பார்க்கவேண்டும்: எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம், இருமி நின்றால் குறைவு, சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஐந்து மைல் ஓடிவந்து பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி பால்விட்ட தேநீர் நிறத்தில் இருக்கவேண்டும். கரி படிந்தால் ஒரு குற்றம், வெளுத்தால் மறு குற்றம். பிஸ்டன் துள்ளாமல் அடக்கும் எண்ணெயையும் மறத்தலாகாது. அது மிக நீர்த்ததானால், அக்சிலேற்றரை மிதித்தவுடன் எஞ்சின் விக்கும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலே கழிந்தன. மாமா எதிர்த் திண்ணையில் இருந்தவாறே கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் ஞாயிறு மாலை, "இப்போது சரி" என்றார். பாஸுக்கும் எமக்கும் அதற்குப் பின்னரே அது சரியென்று தெரிந்தது.

கழற்றிய ஒற்றைக் காபுரேற்றரின் திறொட்டில் தண்டு தேய்ந்து காற்றுக் கசிந்திருந்தது. அதற்கும் புதிய புஷ் இட்டு, எண்ணெய்த் துணியிற் சுற்றி, பழைய மனிபோல்ட்டுடன் மரப்பெட்டியில் வைத்திருக்கின்றோம். நாளைக்கே யாராவது விரும்பினால் அரைநாளிற் பழையபடி பூட்டலாம். எங்கும் வெட்டவில்லை, துளைக்கவில்லை. பழைய கார்ச் சங்கத்து நண்பர் சிலர் மூலத்தன்மை கெட்டது, விலை குறையும் என்று வருந்தினர். விற்பவனுக்கல்லவா விலை?

அவ்வாண்டு வைகாசியில் மாமா தலதா மாளிகைக்குப் போகவேண்டும் என்று விரும்பினார். முன் ஆசனத்தில் அவர். பின்னால் எம் தாயாரும் மாமாவின் மகளும் பேரனும். முன்போலவே ஐவர். மாவனெல்லை கடந்ததும் யாரும் பேசவில்லை. மூன்றாங் கியரில் வைத்தபடி மிதித்தோம். கார் பறந்தது என்று எழுதினால் பொய்யாகும். ஆறு குதிரை, அதுவும் முழுவதும் வந்ததோ என்பது ஐயம். ஆயினும் முப்பத்திரண்டு மைல் வேகத்தில், இழுவை குறையாமல், வளைவுக்கு வளைவு ஏறிற்று. பின்னால் வந்த பஸ் தன் இடத்திலேயே வந்தது. பாறையை அணுகும்போதுதான் இரண்டாவதுக்கு மாற்ற நேர்ந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உறங்குகின்றாரோ என்று பார்த்தோம். கியர் மாற்றியவுடன், கண் திறவாமலே, "உன் தகப்பனார் இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் மாற்றுவார்" என்றார். பின்னிருந்து தாயார், "ஓம், அவர் அப்படித்தான்" என்றார்.

கொப்பிக்கு வருவோம். முப்பத்தெட்டு முப்பத்துநான்காயிற்று. கலனுக்கு நான்கு மைல், ஏற்றத்துக்கு நாம் கொடுத்த விலை. அது வெறும் எண்ணாயிருந்தது, 2022 வரும்வரை. அவ்வாண்டின் நடுவில் பெற்றோலுக்கு வரிசை நாட்கணக்கில் நீண்டதும், பின்னர் கியூ.ஆர். அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு இருபது இலீற்றர் என்று வகுத்ததும் யாவரும் அறிந்தனவே. இருபது இலீற்றர் ஏறத்தாழ 4.4 கலன். பழைய காபுரேற்றரோடு 167 மைல் ஓடலாம், புதியதோடு 150. அப்பதினேழு மைலுக்காகப் பெட்டியைத் திறக்கலாமா என்று ஒருநாள் யோசித்தோம். அக்கால் மாமாவைக் கிழமைக்கொருமுறை களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் வேலை இருந்தது. எம் வீட்டிலிருந்து போய்வர ஐந்து மைலும் ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தபின் பெட்டியை மூடிவிட்டோம்.

அவ்வாண்டின் கொப்பிப் பக்கங்களில் தூரங்கள் மிகச் சிறியவை. ஆஸ்பத்திரி, கடை, கோயில். மகன் இப்போது இலத்திரனியற் சுடரூட்டி வேண்டும் என்று ரொறன்ரோவிலிருந்து எழுதியிருக்கின்றான். தமையனார் விடை எழுதவில்லை. பாஸ் எதற்கும் ஆயத்தம். ஆனால் பின் அச்சின் எண்ணெய்க் கசிவை முதலில் நிறுத்தவேண்டும் என்கிறார்.